பாஸான பிளானின் பின்பக்கம்

வீட்டு அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிய அன்று அந்த மனையில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் அம்மா, நல்லூர்ப் பக்கத்திலிருந்து மண் வெட்ட வந்திருந்த இரண்டு பேர், எங்களிடம் வீடு கட்டச் சொன்ன, நான் அக்கா என்று கூப்பிட்ட பெண். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. அக்காவின் கணவர் சவுதியில் இருந்தார். என் அப்பா பெண்ணாடத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போடப் போயிருந்தார். அன்று நாங்கள் பார்த்தது அந்த இரண்டு பேருக்கும் தெரிய இரண்டு மழைக்காலம் ஆனது.

அப்பா கொத்தனார். அம்மா அவருடனேயே சித்தாளாகப் போவார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்கு டேப்பில் இருக்கும் எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டை விரலில் ஒட்டிய மையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வெளியே வருவார். நான் ஊர்க் கல்லூரியில் பி.ஏ. முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பதினைந்து வருடம் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை செய்த அப்பா, ஆட்களின் கூலி விஷயத்தில் ஒரு நாள் வாய்த்தகராறு ஆகி வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு மூன்று மாதம் சரியான வேலை இல்லை. காலையில் குளித்து, துணிப்பையில் கரண்டியையும் தூக்குகுண்டையும் போட்டுக்கொண்டு கூலிக்கு ஆள் பிடிக்கும் பாலக்கரையில் போய் நிற்பார். ஒன்பது மணிக்கு அதே பையோடு திரும்பி வருவார்.

ஓர் இடத்தில் வீடு எழும்பப்போகிறது என்ற செய்தி கொத்தனாருக்கு மணல் வண்டிக்காரர் மூலமாக வரும். இல்லாவிட்டால் சூளைக்காரர் சொல்வார், டீக்கடையில் காதில் விழும். எப்படி வந்தாலும் அது பிந்தித்தான் வரும். மணல் வந்து இறங்கும்போது கான்ட்ராக்டர் எப்போதோ முடிவாகியிருப்பார்.

ஒரு சான்றிதழுக்காக நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தபோதுதான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில், குடிநீர் வரி நோட்டீசுக்குக் கீழே ஒட்டியிருந்தது. கட்டட அனுமதி பெற்றவர்களின் பெயர், தெரு, சர்வே எண், எத்தனை சதுர அடி. எல்லோரும் அதைத் தாண்டித்தான் போய்வந்தார்கள். நான் நின்று படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது உடம்பு சிலிர்த்தது. மணல் இறங்குவதற்கு முன்னால், செங்கல்லுக்கு யாரும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், இந்த ஊரில் எழும்பப்போகும் வீடுகள் எல்லாம் இங்கே ஒரு காகிதத்தில் வரிசையாக நின்றிருந்தன. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து முழுவதையும் எழுதிக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை.

"ஊரான் வூடு கட்டறது ஒனக்கு எப்புடிடா தெரியும்?"

"போர்டுல போட்டிருக்குதுப்பா."

"அவன் பொண்டாட்டிக்கே தெரிஞ்சிருக்காது. போர்டுல போட்டிருக்குதாம்."

அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர், "படிக்கவெச்சது இதுக்குத்தான். ஒரு தடவ போய்த்தான் பாரேன்" என்றார்.

சைக்கிளில் போனோம். நான் மிதிக்க, அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கேரியரில் உட்கார்ந்து வந்தார். முதலில் போன வீட்டில் பெரிய கூத்தாகிவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம், "சார், உங்க பேர்ல புது வீட்டுக்கு பிளான் பாஸாயிருக்கு, நாங்க நல்லபடியா கட்டித் தரோம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், நீ தனியா வூடு கட்டறியாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கத்தினார். வாசலில் இருந்தவர் அண்ணன். பட்டியலில் பெயர் இருந்தது தம்பிக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இனிஷியல் ஒன்று, பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மற்ற இடங்களில் இப்படி ஆகவில்லை. ஆனால் எங்கே போனாலும் ஒரே கேள்வி. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஒரு வீட்டில் ஓர் அம்மாள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "இன்னும் நாங்க வாய தொறக்கவே இல்ல. பேய் மாதிரி வந்து நிக்கறீங்களே" என்றார். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. ஊருக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ஐந்தாவது பெயரோ ஆறாவது பெயரோ அக்காவினுடையது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியறையில் இருந்தார். கணவர் சவுதியில் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தார். மாமியார் வீட்டில் ஒத்துவராமல் தனியாக வந்தவர். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் ஒரு மனை வாங்கி, பிளானுக்கு மனு கொடுத்து, பாஸ் வாங்கி, எல்லாவற்றையும் தனியாளாகச் செய்திருந்தார். முதலில் நான் மட்டும் போனபோது கதவுக்கு உள்ளே நின்று பேசினார். அவர் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "நல்ல வேளை, நீங்களா வந்தீங்க. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நாலு நாளா உக்காந்திருக்கேன்" என்றார்.

அப்பாவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிவதற்கு முன்னால் மனைக்குப் போய் நான்கு மூலையிலும் முழ ஆழத்துக்குக் குழி எடுப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே குந்தி வெற்றிலை போடுவார். வெற்றிலையைத் துப்புவதற்குள் தண்ணீர் காணாமல் போனால் அந்த மனைக்கு விலை பேச மாட்டார். அல்லது, ஆழம் அதிகம் போகும், செலவு இவ்வளவு கூடும் என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவார். மறுநாள் என்னோடு வந்தபோதும் அக்காவிடம், "மண்ணு பாத்துட்டு சொல்றேம்மா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஆபீஸ்லயே எல்லாம் பாத்துத்தான் பாஸ் பண்ணியிருக்காங்கன்னு தம்பி சொன்னாங்களே."

நான் சொல்லியிருந்தேன். முந்தின நாள் தனியாக வந்து விசாரித்தபோது, வேலை கைவிட்டுப் போய்விடக்கூடாது என்ற அவசரத்தில் சொன்னது. பிளானை என் கையில் கொடுத்திருந்தார். நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக வீடு இருந்தது. ஓரத்தில் வட்ட முத்திரை, அதன் மேல் பச்சை மையில் கையெழுத்து, தேதி. என் வாழ்க்கையில் ஒரு முத்திரை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. என் மார்க் ஷீட்டில் முத்திரை இருந்தது, நான் பாஸ். சாதிச் சான்றிதழில் முத்திரை இருந்தது, உதவித்தொகை வந்தது. முத்திரை விழுந்த தாளில் எல்லாம் அடங்கியிருக்கும் என்று நான் மனதார நம்பினேன்.

அப்பா பிளானை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். திருப்பினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பதினைந்து இருபது வரிகள்.

"பின்னாடி இன்னாடா எழுதியிருக்குது?"

நான் மேலே ஒரு வரியைப் பார்த்தேன். சட்டப் பிரிவு எண்ணோடு ஆரம்பித்தது. எனக்கு அந்த ஆங்கிலம் உடனே பிடிபடவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே எழுத்துக்கூட்டிப் படிக்க வெட்கமாக இருந்தது.

"ரூல்ஸுப்பா. எல்லா பிளானுக்கும் போடறதுதான்."

அப்பா பிளானை மடித்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். குழி எடுக்கும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. படித்த மகனும் பச்சை மையும் ஒரு பக்கம் நிற்கும்போது, தன் ஒரு குடம் தண்ணீரை அவர் எதிரே வைக்க விரும்பவில்லை போலிருக்கிறது. கூலிக்கு ஒப்புக்கொண்டோம். எங்கள் பெயரில் நாங்கள் எடுத்த முதல் முழு வீடு அது. இதைச் சரியாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அப்பா இனி பாலக்கரையில் நிற்க வேண்டாம். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா அன்று மாலை கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

ரம்ஜான் நோன்பு ஆரம்பிப்பதற்குள் கடக்கால் போட்டுவிட வேண்டும் என்பது அக்காவின் கணவர் கடிதத்தில் எழுதிய ஒரே விருப்பம். நாள் குறித்த பிறகு பெண்ணாடத்திலிருந்து ஆள் வந்தது. பழைய பழக்கத்தில் ஒப்புக்கொண்ட தளம், அன்றைக்கே போட வேண்டும், சென்ட்ரிங் தயார். அப்பா தயங்கினார். "நான் பாத்துக்கறேம்பா. அளவு பிளான்லயே இருக்குது" என்றேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டு பஸ் ஏறினார்.

காலை பத்து மணி இருக்கும். வடகிழக்கு மூலையில் இரண்டடி ஆழம் போனதும் மண்வெட்டி ணங்கென்றது. மண்வெட்டுக்காரர்களில் மூத்தவர் குனிந்து ஒன்றை எடுத்துத் தொடையில் தேய்த்தார். பீங்கான் பொம்மையின் தலை. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கண்ணுக்கு மை வைப்பது கடைசி வேலை, அதற்கு முன்னாலேயே பீங்கான் சூளையில் வெடித்துக் கழிவாகிப்போனது இது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் பள்ளம். உதடு மட்டும் நன்றாகச் சிரித்தது.

"என்னா தம்பி, பொம்மையா வருது?" என்றார் அக்கா. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றிருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா. நம்ம ஊர்ல எங்க தோண்டினாலும் பீங்கான்தான் வரும்."

அது உண்மை. பீங்கான் தொழில் நடக்கும் எங்கள் விருத்தாசலத்தில் கொல்லையில் கிணறு வெட்டினாலும், செடி வைக்கக் குழி எடுத்தாலும் ஒரு சாசர் துண்டோ ஜாடி மூடியோ வராமல் இருக்காது. வேறு ஊரில் இப்படி ஒரு தலை மண்ணிலிருந்து வந்தால் வேலையை நிறுத்தியிருப்பார்கள். எங்களுக்கு அது கல் வருவது போல. எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. பிறகு வெட்டுக்கு நான்கைந்து. தலைகள், உடைந்த கைகள், மின்கம்பத்துக் குமிழ்கள், பாதி கோப்பைகள்.

மூத்தவர் சிரிப்பதை நிறுத்தினார். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "துண்டு வரும், சரி. இது குமியலா வருது தம்பி. பீங்கான்காரன் களிமண்ணு எடுத்த பள்ளத்த கழிவ கொட்டி மூடியிருக்கான். ஒங்க அப்பா வரட்டுமே."

அம்மா கூடையோடு நின்றிருந்தார். "நிறுத்துடா. ஒரு நாளுதானே" என்றார்.

நான் பிளானை விரித்தேன். நான்கடி ஆழம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தக் கோடும் சொல்லவில்லை. ஜல்லி வந்து இறங்கியிருந்தது. ஆட்கள் மறுநாள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். நிறுத்தினால் அக்கா ஏன் என்று கேட்பார், நான் முந்தி சொன்னது பொய்யாகும். வேலை போகும். "நாலடிக்குக் கீழ இன்னும் ஒரு அடி எடுங்க. மணலு போட்டு இடிச்சிடலாம்" என்றேன். என் குரல் எனக்கே அதிகாரியின் குரல் போல இருந்தது. மூத்தவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். பிறகு தோண்டினார்கள்.

ஐந்தடியிலும் பீங்கான்தான் இருந்தது. மணல் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, மாலைக்குள் அந்த மூலைக்கு ஜல்லிக் கலவை போட்டோம். மேலே வந்த பொம்மைகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போய், மனைக்கு அப்பால் இருந்த கருவேலம் புதரில் நானே கொட்டினேன். கொட்டும்போது அவை ஒன்றன் மேல் ஒன்று விழுந்து சின்னச் சத்தம் எழுப்பின.

மறுநாள் அப்பா வந்தார். மற்ற மூலைகளில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். அவை நல்ல மண். கலவை போட்டிருந்த மூலையில் வந்து நின்றார்.

"இங்க மண்ணு எப்புடி இருந்துது?"

"கெட்டி மண்ணுப்பா."

அம்மா நான்கு கை தூரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை.

அந்த வீட்டைக் கட்டியதைப் போல அப்பா வேறெந்த வீட்டையும் கட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு செங்கல் வரிக்கும் ரசமட்டம் வைத்தார். தூக்குகுண்டு ஆடி நிற்கும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்தார். பூச்சு முடிந்த சுவரில் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்ப்பார். வீடு முடிந்து குடிபோன அன்று அக்கா எங்களுக்குச் சாப்பாடு போட்டு, அப்பாவுக்கு ஒரு வேட்டியும் சவுதியிலிருந்து வந்த அத்தர் புட்டி ஒன்றும் கொடுத்தார். "மேஸ்திரி, இனிமே இந்த ஏரியால யார் கேட்டாலும் உங்களத்தான் சொல்லுவேன்" என்றார். சொல்லவும் செய்தார். அந்த மனைப்பிரிவில் அடுத்த வருடம் இரண்டு வீடு எங்களுக்குக் கிடைத்தது. பட்டியலைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் நிற்கவில்லை. மண் பார்ப்பதை மட்டும் அந்த இரண்டு மனையிலும் நானே நினைவுபடுத்தினேன். அப்பா என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்தார்.

முதல் மழைக்காலம் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் மழை பெய்யும்போதெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையிலிருந்து அந்த வடகிழக்கு மூலையைப் பார்த்துவிட்டு வருவேன். கல்லூரியில் பாடம் நடக்கும்போது ஜன்னலில் தூறல் விழுந்தால் கண் இல்லாத அந்த முகங்கள் ஞாபகம் வரும். மண்ணுக்கடியில் தண்ணீர் அவற்றின் பள்ளங்களில் நிரம்பி, வழிந்து, அடுத்த தலைக்கு இறங்கும். சுவரின் கனம் மேலேயிருந்து அமுக்கும். எங்கோ ஒன்று உடையும். மற்றவை கொஞ்சம் கீழே போகும். உடையும் சத்தம்கூட எனக்குக் கேட்கும்.

இரண்டாவது ஐப்பசியில் அடைமழை. மணிமுத்தாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. மழை விட்ட மூன்றாம் நாள் அக்கா ஆள் அனுப்பினார். போனோம். ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் கட்டையின் மூலையிலிருந்து மேலே தளம்வரை சாய்வாக ஒரு விரிசல். தலைமுடி அளவுதான் இருந்தது.

"பூச்சு வெடிப்பா இருக்கும்" என்றார் அக்கா, கேட்பது போல. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்பா ஒரு நோட்டுத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, பசை தடவி, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார். சுவர் அசைந்தால் தாள் கிழியும். பூச்சு வெடிப்பானால் கிழியாது. "இதுமேல இன்னிக்கி தேதிய எழுது" என்றார் என்னிடம். எழுதினேன். வாரம் கழித்துப் போனோம். தாள் நடுவில் கிழிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று ஒட்டினார். "தேதிய எழுது." அதுவும் கிழிந்தது. அந்தச் சுவரில் என் கையெழுத்தில் ஏழு தேதிகள் இருந்தன. ஏழும் இரண்டாகக் கிழிந்திருந்தன. கடைசித் தாளை ஒட்டும்போது விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுனி போயிற்று.

அக்காவுக்கும் எனக்கும் இடையில் அந்த வாரங்களில் ஒரு பேச்சும் இல்லை. அவர் டீ கொண்டுவந்து வைப்பார். நான் குடிப்பேன். ஒரு முறை மட்டும், அப்பா வெளியே போயிருந்தபோது, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அந்த பொம்மைங்கதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"சவுதியில இருக்கற அவங்ககிட்ட நான் சொல்லல. நானும்தானே பக்கத்துல நின்னேன். பாத்துட்டு ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பாங்க."

அவர் கணவர் தை மாதம் விடுப்பில் வந்தார். வந்த இரண்டாம் நாளே எங்களைக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. சுவரைப் பார்த்தார், கிழிந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பத்து வருடம் வெளிநாட்டில் கிடந்து சம்பாதித்தது அந்தச் சுவர்.

அப்பா, "மூலைக்கு வெளிய தோண்டிப் பாத்துடலாம் பாய்" என்றார். என் பக்கம் திரும்பி மண்வெட்டியை நீட்டினார். "நீ தோண்டு."

தோண்டினேன். அன்று போல நானும் அம்மாவும் அக்காவும் அந்த இடத்தில் இருந்தோம், இந்த முறை அப்பாவும் பாயும் இருந்தார்கள். இரண்டடியில் மண்வெட்டி அதே சத்தம் போட்டது. முதல் தலை வந்தது. நான் அதை எடுத்து மேலே வைத்தேன். அப்பா குந்தி அதைப் பார்த்தார்.

"அன்னிக்கும் வந்துதா?"

"வந்துதுப்பா."

"எவ்ளோ?"

"ஒரு கூடை."

அப்பா எழுந்தார். "நான்தான் பாய். மண்ணு பாக்காம கடக்கால் போட்டது இதுதான் மொத தடவை. நான் இல்லாத அன்னிக்கி வேலைய ஆரம்பிச்சது என் தப்பு."

பாய்க்கு அது புரியவில்லை. "அப்ப பிளான் எதுக்கு மேஸ்திரி? பாஸ் பண்ணித்தானே குடுத்தாங்க?" என்று உள்ளே போய் பிளானைக் கொண்டுவந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். கிடங்கில் ஆங்கிலக் காகிதங்களோடு பழகியவர், பொடி எழுத்தில் விரல் வைத்து மெதுவாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது. என்னிடம் நீட்டினார்.

"இத படிங்க தம்பி. அப்பாவுக்குப் புரியற மாதிரி படிங்க."

படித்தேன். இரண்டு வருடம் முன்னால் அந்த மாடியறையில் நிற்கும்போதே அங்கே இருந்த வரி. தெரு அகலம், காற்று வெளிச்சம், சுற்றிலும் விட வேண்டிய இடம், இவற்றை மட்டும் பார்த்துத் தரும் அனுமதி இது. மனையின் மண் கட்டடத்தைத் தாங்குமா என்று சோதித்துக்கொள்வது மனைக்காரர், கட்டுபவர் பொறுப்பு.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பவர் போல நின்றார்.

"இது அன்னிக்கே இருந்துதா?"

"இருந்துதுப்பா."

அவ்வளவுதான். ஏன் படிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். "நானும் பாத்தேங்க. பொம்மையா வந்துது, சிரிச்சோம்" என்றார் கணவரிடம். அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு என் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தார். "அப்ப எங்க ரெண்டு பேரத் தவிர எல்லாருக்கும் தெரியும்" என்றார் பாய். அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அந்த மூலை அறையை இடிப்பது என்று முடிவானது. அப்பா சொன்னதுதான் அதுவும். தளத்துக்கு முட்டு கொடுத்து நிறுத்தி, சுவரைக் கல் கல்லாகப் பிரித்து, கடக்காலைப் பெயர்த்து, பீங்கான் முடியும்வரை தோண்டினோம். பதினோரு அடியில் கெட்டி மண் வந்தது. நான்கு நாள் பொம்மைகளையே வெளியே எடுத்தோம். மனையின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாகக் குவிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த மனைப்பிரிவில் மனை வாங்கிய வேறு சிலரும் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அடிக் காங்கிரீட்டு போட்டு, தூண் எழுப்பி, சுவர் வைத்து, பூசி முடிக்க சித்திரை ஆகிவிட்டது. பாய் விடுப்பை ஒரு மாதம் நீட்டிக்கொண்டார். பாதிச் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "நான் போட்ட கடக்கால் பாய்."

அதன் பிறகும் நான் பட்டியல் பார்க்கப் போனேன். அப்பா தடுக்கவில்லை. தெருவின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, என்னை விட்டுவிட்டு, குடத்தோடு தனியாகப் போவார். ஆனால் என்னிடம் எதையும் படிக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அது அவர் திட்டம்போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. கை அந்தப் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான். ரேஷன் கடை ரசீதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினார். வேப்பூர் பஸ்ஸா என்று, நான் பக்கத்தில் நிற்கும்போதே, போர்டைப் பார்த்துச் சொல்லும்படி யாரோ ஒருவரிடம் கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பழைய நோட்டுகள் என்னிடம் இருந்தன. அனுமதி வாங்கியும் கட்டப்படாத வீடுகள் அவற்றில் நிறைய உண்டு. யாரோ இறந்துபோனார்கள், யாருக்கோ பணம் வரவில்லை, யாரோ ஊரை விட்டுப் போனார்கள். அந்த மனைகளைத் தாண்டும்போது எனக்கு இன்னும் அறைகள் தெரியும், இங்கே சமையலறை, இங்கே ஜன்னல், இத்தனைக்கு இத்தனை. அந்த வெற்று இடங்கள் என்னைப் பயமுறுத்தியதில்லை. குடியிருக்கும் வீடுகள்தான். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் என் கண் ஜன்னலின் மேல் மூலைக்குப் போகும். வீட்டுக்காரர்கள் நான் ஒட்டடையைப் பார்ப்பதாக நினைத்து வெட்கப்படுவார்கள்.

அக்காவும் பாயும் அந்த வீட்டில் நன்றாக இருந்தார்கள். பூச்சு காய்ந்த பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் அப்பா வாராவாரம் போய் அந்தச் சுவரில் தாள் ஒட்டிப் பார்த்தார். தேதியை அக்கா எழுதினார். ஒரு தாளும் கிழியவில்லை.

அந்த மூலையைத் திரும்பக் கட்டிய செலவை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடி விரல் மடக்கிச் சொன்னார். அவருடைய தோடு, அடுத்த இரண்டு வீட்டில் வந்த கூலி, கம்பிக்கும் சிமெண்டுக்கும் கடைக்காரரிடம் வாங்கி இரண்டு வருடம் கட்டிய கடன், கடைசி வருடத்துக்கு நான் கட்டாமல் விட்ட கல்லூரிப் பணம். எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.